பைரனீஸ் மலையில் கல்தொழுவத்தை வீடாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய அரியேஜ் மாவட்டத்தில் குசெரான் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே 'கிரான்ஜ்' என்றால் கீழே மாட்டுத் தொழுவமும் மேலே வைக்கோல் பரணும் கொண்ட கல்கட்டடம். சரிவில் பாதி புதைந்து நிற்பதால் பரணுக்கு மேல்பக்கத்திலிருந்து நேராக நடந்து போய்விடலாம். இதைக் குடியிருக்கும் வீடாக மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சட்ட விதிகள் பிரான்ஸ் முழுமைக்கும் பொருந்தும். கட்டட விவரங்கள் மற்ற மலைப்பகுதிகளில் சற்று மாறலாம்.

வீட்டைவிடத் தொழுவம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது ஏன்?

அது வீடு இல்லை என்பதால்தான். சட்டப்படி அது விவசாயக் கட்டடம். பெரும்பாலும் தண்ணீர் இணைப்பு, கழிவுநீர் வசதி, மின்சாரம் எதுவும் இருக்காது. சில இடங்களில் வண்டி போகும் பாதைகூட இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் குடியிருக்கும் உரிமை கிடையாது. விளம்பரத்தில் 'வீடாக மாற்றலாம்' என்று போட்டிருந்தால் அது விற்பவரின் நம்பிக்கை, அவ்வளவுதான்.

குடியிருக்க அனுமதி கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஊராட்சி அலுவலகமான 'மெரி'யில் 'செர்திஃபிக்கா தூர்பனிஸ்ம்' என்ற நிலப் பயன்பாட்டுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. தகவல் மட்டும் தரும் வகை ஒரு மாதத்தில் வரும். 'ஒப்பெராசியொனெல்' என்ற வகைக்கு இரண்டு மாதம் ஆகும். இந்த இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் திட்டம் அந்த இடத்தில் சாத்தியமா, தண்ணீரும் மின்சாரமும் வாசலுக்கு வருமா என்பதற்கு அதுதான் பதில் தரும். 18 மாதம் செல்லும்.

ஊரின் நிலத் திட்டத்தில் உங்கள் தொழுவம் விவசாய மண்டலத்திலோ இயற்கை மண்டலத்திலோ இருந்தால், பயன்பாட்டை மாற்றத் தகுந்த கட்டடம் என்று அந்தத் திட்டத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாவட்டக் குழு ஒன்றின் ஒப்புதல் தேவை. குறி இல்லையென்றால் பெரும்பாலும் திட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

உயரத்தில் கோடை மேய்ச்சலுக்காகக் கட்டிய குடில்களுக்குத் தனி விதி. 1985இன் மலைச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாட்டின்படி அவற்றைப் புதுப்பிக்க மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான 'பிரஃபே' அனுமதி தர வேண்டும். பாதையோ இணைப்புகளோ இல்லாத இடமானால் 'குளிர்காலத்தில் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனையைச் சொத்தின் மீதே பதிவு செய்யவும் முடியும். ஆண்டு முழுவதும் அங்கே தங்கும் கனவு அந்த ஒரு வரியில் முடிந்துபோகும்.

கூரை விழுந்து சுவர் மட்டும் நிற்கும் இடிபாடு என்றால், தாங்கும் சுவர்களின் முக்கியப் பகுதி மிஞ்சியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. முழங்கால் உயரச் சுவரைக் காட்டி 'புதுப்பிக்கிறேன்' என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாங்கும் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிரான்சில் வீடு வாங்குபவருக்கு முன்ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. பலர் தொழுவத்துக்கும் அது இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த உரிமை குடியிருப்புக் கட்டடத்துக்கு மட்டும்தான். ஆகவே 'பயன்பாட்டு மாற்றத்துக்குக் கட்டட அனுமதி கிடைத்தால் மட்டுமே இந்த விற்பனை செல்லும்' என்ற நிபந்தனையை, சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நொத்தேரிடம் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

விவசாய நிலத்தோடு வரும் சொத்தில் 'சஃபேர்' என்ற நில அமைப்புக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அது முடிவு சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பாதை பக்கத்து நிலத்தின் வழியாகப் போகிறதா, போனால் நடக்க மட்டுமா அல்லது வண்டிக்கும் உரிமை உண்டா, ஊற்று யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதெல்லாம் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். 'இங்கே எல்லாரும் அப்படித்தான் போவார்கள்' என்பது அந்த நிலம் கைமாறும் நாள்வரைதான் செல்லும்.

எந்த அனுமதி வாங்க வேண்டும்?

பயன்பாடு மட்டும் மாறி, வெளித்தோற்றமும் தாங்கும் சுவர்களும் அப்படியே இருந்தால் முன்அறிவிப்பு போதும். புது ஜன்னல் திறப்பு ஒன்று வந்தாலே முழுக் கட்டட அனுமதி வேண்டும். தொழுவத்தில் ஜன்னல் திறக்காமல் வீடு ஆகாது என்பதால் நடைமுறையில் எல்லாரும் முழு அனுமதிதான் வாங்குகிறார்கள். தளப்பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டடக் கலைஞர் கட்டாயம். வரலாற்றுச் சின்னத்தின் பாதுகாப்பு எல்லைக்குள், வழக்கமாக 500 மீட்டருக்குள், இருந்தால் அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரும் கருத்துச் சொல்வார். கூரைப் பொருளிலும் ஜன்னல் அளவிலும் அவர் சொல் கனமானது.

அனுமதி வந்ததும் அறிவிப்புப் பலகையைப் பாதையிலிருந்து தெரியும்படி நட வேண்டும். மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும் இரண்டு மாதக் கணக்கு அந்தப் பலகையிலிருந்துதான் தொடங்கும். பலகையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டந்தோறும் இருக்கும் கட்டடக்கலை ஆலோசனை அமைப்பான 'சி.ஏ.யு.இ.' இலவசமாக யோசனை சொல்லும். வரைபடம் போடும் முன்பே அங்கே போங்கள். கொமினாக் ஊரில் இருப்பது போலப் படிப்படியாக ஏறும் முக்கோணச் சுவர் கொண்ட தொழுவமாக இருந்தால் கட்டாயம் போங்கள். அந்தப் படிகளின் மேலுள்ள தட்டைக் கற்கள் ஒரு காலத்தில் 'ரை' என்ற தானியத்தின் வைக்கோலால் வேய்ந்த கூரையின் ஓரத்தைக் காத்தவை. அலங்காரம் என்று நினைத்து இடித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சுவர் உறுதியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

50 முதல் 70 செ.மீ. தடிமனுள்ள இந்தச் சுவர் ஒரே கல்லடுக்கு இல்லை. வெளி முகம் ஒன்று, உள் முகம் ஒன்று, நடுவில் சிறு கல்லும் மண்ணும். கூரை ஒழுகி நடுவில் தண்ணீர் இறங்கினால் மண் கரைந்து கீழே உட்காரும், இரு முகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். வெளியே தொந்தி தள்ளியது போலத் தெரிவது இதுதான். சுவரைத் தட்டிப் பாருங்கள், பொக்கென்று ஒலித்தால் உள்ளே வெற்றிடம். சிறிய வீக்கத்துக்கு இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்களை இடையிடையே புகுத்தலாம், அல்லது இரும்புக் கம்பியைக் குறுக்கே ஓட்டி வெளியில் தகடு வைத்து இறுக்கலாம். வீக்கம் பெரிதென்றால் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டுவதே சரி.

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறிய, அதன் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய ஜிப்சம் பட்டை ஒன்றைப் பூசி, மேலே தேதி எழுதி வையுங்கள். ஒரு குளிர்காலம் கழிந்தும் பட்டை முழுசாக இருந்தால் அது பழைய விரிசல். மயிரிழையாகப் பிளந்திருந்தால் அடித்தளத்தையோ கூரையின் தள்ளலையோ முதலில் பார்க்க வேண்டும்.

உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு போல இருக்கும் கருவாலி உத்தரம் முனையில் பஞ்சாக இருக்கும், ஈரம் அங்கேதான் தங்கும். கீழே புதிதாக மரத்தூள் கொட்டிக் கிடந்தால் வண்டுப்புழு இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொழுவத் தரையை எப்படிச் செய்வது?

அதிகம் பேர் தவறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நைட்ரேட் உப்பு நிறைந்திருக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். புதுப் பூச்சு பூசிய அடுத்த ஆண்டே வெள்ளையாகப் பூத்து, கொப்பளித்து உதிரும். ஆகவே பழைய தரை மண்ணை 30, 40 செ.மீ. தோண்டி அகற்றுங்கள். சுவரின் கீழ் ஒன்றரை மீட்டருக்குப் பழைய சாந்தைச் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி எடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உப்பு இன்னும் ஆழமாகப் போகும். பிறகு மலிவான, மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பலிக்கொடையாகப் பூசி ஓராண்டு விடுங்கள். உப்பு அதில் ஏறிக்கொள்ளும். அதை உதிர்த்துக் கொட்டிவிட்டு நிரந்தரப் பூச்சுக்கு வரலாம்.

தோண்டும்முன் சுவரோரம் 40 செ.மீ. சதுரத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டி, அடிக்கல் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பல தொழுவங்களில் 20, 30 செ.மீ.தான் இருக்கும். கூரை உயரம் போதவில்லை என்று அதற்குக் கீழே தோண்டினால் சுவர் காலில்லாமல் நிற்கும். கட்டாயம் இறக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று, அடிமானம் கட்டிக்கொண்டே போக வேண்டும். அது அனுபவமுள்ள கொத்தனாரின் வேலை.

புதுத் தரைக்கு 20 முதல் 25 செ.மீ. பெருஞ்சல்லி அல்லது நுரைக்கண்ணாடிக் கட்டிகள், மேலே 10 முதல் 12 செ.மீ. சுண்ணாம்புக் கான்கிரீட். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் சிமெண்ட் தளம் போட்டால் கீழே அடைபட்ட ஈரம் சுவர் வழியாக ஏறும், உப்பும் கூடவே வரும். அரியேஜில் பல ஊர்கள், நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் அபாயத்தின் மூன்றாம், அதாவது உச்ச, வகையில் இருக்கின்றன. சல்லிக்குள்ளேயே துளைக்குழாய் பதித்து வெளியே காற்று விடுவது தளம் போடும்போது சுலபம், போட்ட பிறகு பெருந்தொல்லை. வீட்டுக்குள் கன மீட்டருக்கு 300 பெக்கரல் என்பதுதான் பிரான்சின் குறிப்பு அளவு.

மலைப்பக்கச் சுவரை ஒட்டி வடிகால் வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, அடிக்கல்லின் ஆழத்தைத் தாண்டாமல் வெட்டுங்கள்.

கல் இடுக்குகளுக்கு என்ன கலவை?

என்எச்எல் 2 அல்லது 3.5 வகை நீரியல் சுண்ணாம்பு ஒரு பங்கு, 0/4 அளவு (4 மி.மீ. வரையிலான) ஆற்றுமணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. எடையில் பார்க்காமல் வாளிக் கணக்கில் அளக்க வேண்டும். என்எச்எல் 5 இந்த மண்சாந்துச் சுவருக்குக் கடினம். சுவரின் இறுதி நிறம் மணலிலிருந்து வருவதால் மொத்த வேலைக்கும் ஒரே இடத்து மணலை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சாந்தை 3 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி தட்டி, முதல் நாள் மாலை சுவரை நன்றாக நனைத்து, பூசும் முன் மறுபடி லேசாகத் தெளிக்க வேண்டும். இடுக்கின் அடியிலிருந்து அழுத்தி நிரப்புங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத, ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழும் பதத்தில் முள்தூரிகையால் தேய்த்தால் மணல் மேலே தெரியும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் சுண்ணாம்புப் பால் கல்லெல்லாம் இழுகும், பிறகு போகாது.

தொட்டால் மாவாக உதிர்கிறதென்றால் வெயிலிலோ காற்றிலோ சீக்கிரம் காய்ந்துவிட்டது. வெடித்தால் தண்ணீரோ சுண்ணாம்போ அதிகம். பாளமாகக் கழன்றால் சுவரை நனைக்கவில்லை. 5 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாதீர்கள். 900 மீட்டர் உயரத்தில் செப்டம்பர் முடிவோடு வெளிப்பூச்சை நிறுத்திவிடுவது நல்லது, உறைபனிக்கு முன் சாந்து இறுகச் சில வாரங்கள் வேண்டும்.

சிமெண்ட் ஏன் கூடாது? சிமெண்ட் பூசிய சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தர முனைக்குப் போகும். மேலே சொன்ன பஞ்சு முனைகள் பெரும்பாலும் அப்படி வந்தவை.

தகரக் கூரையை எடுத்துவிட்டு சிலேட் போடலாமா?

சட்டகம் தாங்குமா என்று தச்சரைக் கேட்ட பிறகு போடலாம். தகரம் சதுர மீட்டருக்கு 10 கிலோவுக்கும் குறைவு. சிலேட் ஏறக்குறைய 30 கிலோ. பெரிய தட்டைக்கல் ஓடு அதைப் போலச் சில மடங்கு. இதற்கு மேல் பனி இருக்கிறது: தாழ்வான பகுதியில் 65 கிலோ பனிச்சுமை கணக்கிடும் மண்டலத்தில் 1000 மீட்டர் உயரத்துக்கு அதே கணக்கு சதுர மீட்டருக்கு 170 கிலோவாகிறது. வாசல்படிக்கு மேல் பனித்தடுப்புக் கொக்கிகள் வைக்க மறக்க வேண்டாம்.

கல்சுவரே கதகதப்பாக இருக்குமே, காப்பு எதற்கு?

இல்லை. 60 செ.மீ. கருங்கல் சுவர் குளிரைத் தடுப்பது ஏறக்குறைய 1 செ.மீ. மரநார்ப் பலகை தடுக்கும் அளவுதான். கோடையில் குளிர்ச்சியாக இருப்பது அதன் கனத்தால்.

முதலில் கூரை. 24 செ.மீ. மரநார், உள்பக்கம் இடைவெளியின்றி ஒட்டிய ஈரக்கட்டுப்பாட்டுத் தாள். சுவருக்கு உள்ளே 6 முதல் 10 செ.மீ. சணல்-சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடிப் பஞ்சையும் ஜிப்சம் பலகையையும் ஈரக் கல்லோடு ஒட்டி அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

விறகடுப்பு 6 முதல் 8 கிலோவாட் போதும். பெரிதாக வாங்கிக் காற்றைக் குறைத்து மெதுவாக எரித்தால் புகைக்குழாயில் தார் படிந்து தீப்பிடிக்கும். குழாய் முனை, 8 மீட்டர் சுற்றளவிலுள்ள எந்தக் கூரை முகட்டையும்விட 40 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்து சான்று வாங்குங்கள், தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும்.

விறகை 'ஸ்தேர்' கணக்கில் விற்பார்கள். ஒரு மீட்டர் நீளத் துண்டுகளை ஒரு கன மீட்டராக அடுக்கினால் ஒரு ஸ்தேர். அதையே 33 செ.மீ. துண்டாக அறுத்து அடுக்கினால் 0.7 கன மீட்டர்தான் வரும். ஏமாற்றிவிட்டார் என்று விறகுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், காற்றிடைவெளி குறைந்ததுதான் காரணம்.

கழிவுநீர், தண்ணீர், மின்சாரம்?

பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் 'ஸ்பான்க்' என்ற உள்ளாட்சிச் சேவையின் சான்று கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு போக வேண்டும். 5 முதன்மை அறைகள் வரை 3 கன மீட்டர்த் தொட்டி, அதற்குப் பின் மண்ணில் பரப்பும் குழாய்கள். நிலம் மிகச் சரிவானாலோ மண் குறைவானாலோ குறுவடிகட்டி அமைப்பு. குழியை மூடும் முன் அதிகாரி வந்து பார்க்க வேண்டும், மூடிவிட்டால் தோண்டச் சொல்வார். உலர் கழிப்பறை சட்டப்படி செல்லும், ஆனால் குளியல், சமையல் நீரைச் சுத்திகரிக்கும் கடமை அப்போதும் உண்டு. தண்ணீர்க் குழாயை 80 செ.மீ. முதல் ஒரு மீட்டர் ஆழத்தில் பதியுங்கள். சொந்த ஊற்றைப் பயன்படுத்தினால் மெரியில் அறிவிக்க வேண்டும். நிரந்தர மின் இணைப்புக்கு முன் 'கொன்சுவெல்' பாதுகாப்புச் சான்று தேவை.

பரணில் வௌவால்கள் தொங்குகின்றன. விரட்டலாமா?

கூடாது. பிரான்சில் எல்லா வௌவால் இனங்களும் பாதுகாக்கப்பட்டவை, தகைவிலான் கூடுகளும் அப்படியே. கோடையில் குட்டி வளர்க்கும் காலத்தைத் தவிர்த்து வேலையை அமைத்து, அவற்றுக்கு ஒரு மூலையை விட்டுவிடலாம். கூரை வேலைக்கு முன் மாவட்ட இயற்கை அமைப்புகளைக் கேளுங்கள்.

வேலை ஆட்களும் வரியும்?

கூரைக்காரருக்கு ஓராண்டு முன்பே சொல்லி வைப்பது இங்கே சாதாரணம். ஒவ்வொருவரிடமும் பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள். நீங்கள் தரும் வேலை அதில் பெயரோடு இருக்க வேண்டும். தச்சுக்கான காப்பீடு புகைபோக்கிக்குச் செல்லாது.

விவசாயக் கட்டடம் வீடாகும்போது ஒருமுறை மேம்பாட்டு வரி வரும். 2025இல் சதுர மீட்டருக்கு அடிப்படை மதிப்பு 930 யூரோ, முதன்மை வீடானால் முதல் 100 சதுர மீட்டருக்குப் பாதி. 120 சதுர மீட்டர், ஊரும் மாவட்டமும் சேர்ந்து 4.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2,930 யூரோ. விடுமுறை வீடானால் சலுகை இல்லாமல் 5,022 யூரோ. பட்ஜெட்டில் இதை எழுதாதவர்களே அதிகம்.

பழைய வீடுகளுக்கான ஆற்றல் சீரமைப்பு மானியம் தொழுவத்துக்கு வராது, அது ஏற்கெனவே குடியிருப்பாக இருந்த கட்டடத்துக்குத்தான்.

ஊரில் எப்படி ஒட்டிக்கொள்வது?

பேச்சைத் தொடங்கும் முன் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். கடையிலும் மெரியிலும் அது இல்லாமல் கேள்வி கேட்டால், பதில் வந்தாலும் முகம் வராது. பெரியவர்களிடம் 'வூ' என்ற மரியாதை வடிவமே, 'து' என்று மாறுவதை அவர்களே தொடங்கட்டும். சின்ன ஊர்களில் மெரி வாரத்தில் ஒன்றிரண்டு அரைநாள்தான் திறந்திருக்கும். அங்கிருக்கும் செயலாளரைத் தெரிந்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. கொத்தனார் முதல் விறகுக்காரர் வரை யாரைப் பிடிக்கலாம் என்ற தகவல் சான் ஜிரோனின் சனிக்கிழமைச் சந்தையில் காதில் விழும்.

பகல் 12 முதல் 2 வரை கல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். ஞாயிறன்று பல மாவட்டங்களில் சத்தமான வேலைக்குக் காலை 10 முதல் 12 வரை மட்டுமே அனுமதி. மறுபக்கம், சேவல் கூவுவதையும் மாட்டு மணியையும் நீங்கள் குறை சொல்ல முடியாது. நாட்டுப்புற ஒலிகளையும் வாசனைகளையும் 2021இன் சட்டம் ஒன்று பாரம்பரியமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

திறந்திருந்த வேலிக்கதவைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய் குரைத்து ஓடி வந்தால் நின்றுவிடுங்கள். கம்பை ஓங்காமல் மந்தையைச் சுற்றிக்கொண்டு போங்கள். கரடியைப் பற்றி முதல் விருந்திலேயே கருத்துச் சொல்ல வேண்டாம். 1996 முதல் ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்து விட்டதில் பெருகிய கரடிகளில் பெரும்பாலானவை இந்தக் குசெரானில்தான் திரிகின்றன. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஆடு போயிருக்கலாம்.

ஊர்ப் பொதுக் காட்டிலிருந்து வீட்டுக்கு விறகு பெறும் 'அஃபுவாஜ்' என்ற பழைய உரிமை சில ஊர்களில் இன்னும் உண்டு. நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும், விற்கக் கூடாது.

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாதவர் வாங்கலாமா?

வாங்கலாம், தடையில்லை. ஆனால் சொத்து வாங்கியதால் தங்கும் உரிமை வராது. இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நீண்டகால விசாவைத் தனியாகப் பெற்று, வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

குளிர்காலத்தில் பூட்டிவிட்டுப் போகலாமா?

தண்ணீரை வடித்துவிட்டுப் போகலாம். வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள், காலித் தொட்டி சூடானால் கம்பிச்சுருள் எரிந்துபோகும். பிறகு மீட்டர்க் குழியில் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, மிகத் தாழ்வான வடிகுழாயைத் திறந்து விடுங்கள். தொட்டியை அதன் பாதுகாப்பு வால்வு வழியாகக் காலி செய்யுங்கள். கழிப்பறைத் தொட்டியை இறைத்துவிட்டு, கிண்ணத்திலும் ஒவ்வொரு தொட்டிக்கடியிலுள்ள வளைகுழாயிலும் புரொப்பிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். கலப்புக் குழாயின் கைப்பிடியை நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கமாக மூடி வைத்தால் உள்ளே மிஞ்சிய நீர் உறைந்து குழாயின் உடலே வெடிக்கும். மலை ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். ஜனவரியில் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தால் அதையும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.